எல்லார் குறையையும் பாடியவன்

முருகன் என் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றபோது காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் ‘விரிசல்’ குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். “அந்தோணி அண்ணன் போயிட்டாருண்ணே. நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்தவருதான், எழுந்திருக்கல” என்றான். மெஷினை நிறுத்தத் தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு நாற்பது பிரதி விழுந்து கிடந்தது.

விருத்தாசலத்தில் பங்க் ராக், அதாவது கோபத்தைக் கத்திப் பாடும் இசை, என்று சொன்னால் சிரிக்காதவர்கள் எங்கள் பாட்டைக் கேட்க வரும் நீங்கள் அறுபது எழுபது பேர்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பாடகன் அந்தோணி, வாரமெல்லாம் பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவன், ஞாயிறு மதியம் அதே கம்பெனியின் பழைய ஷெட்டில் மைக்கைப் பிடித்தால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான். எனக்கு கிடாரில் மூன்று கார்டு, அதாவது மூன்று ஸ்வரக்கூட்டு, தெரியும். “ரெண்டு போதும்டா, மூணாவது பெருமைக்கு” என்பான்.

முதல் நிகழ்ச்சியிலேயே எழுதி வைத்திருந்த பாட்டை மறந்து திருதிருவென்று விழித்தான். திட்டக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், “ஒண்ணும் புரியல. பஸ்ஸு நிக்காம போயி, ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்தது இதுக்குத்தானா?” என்றார். “எந்த பஸ்ஸுங்க?” என்று அந்தோணி கேட்டான். அவர் சொல்லச் சொல்ல அப்படியே கத்தினான். ஷெட்டே சேர்ந்து கத்தியது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைசிவரை இருந்தார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. வந்தவர்கள் குறையைச் சொல்வார்கள், அவன் பாடுவான். அதுவும் ஒரே ஒரு தடவை. “பழைய கோவத்த சூடு பண்ணிப் பரிமாறக் கூடாது” என்பான். தன் குறையைத் தானே பாடக் கூடாது என்பதும் அவன் போட்ட சட்டம். சொந்தக் கதையை மைக்கில் ஆரம்பிக்கிறவன் லேசில் நிறுத்த மாட்டானாம்.

ஒருமுறை கம்பெனியில் பேக்கிங் செய்யும் பெண்மணி ஒருவர், சூப்பர்வைசர் லீவு தராததைச் சொன்னார். அந்தோணி வெளுத்து வாங்கினான். அன்று எங்களுக்கு ஷெட்டைத் திறந்துவிட்டதே அந்த சூப்பர்வைசர்தான். கதவோரம் நின்று முழுப்பாட்டையும் கேட்டார். இனி ஷெட் கிடையாது என்று ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் வந்து, “எல்லாம் சரி. எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு. அத எப்ப பாடுவீங்க?” என்றார். அந்தம்மாவுக்கு மறுவாரம் லீவு கிடைத்தது. சூப்பர்வைசருக்கு ஒரு பாட்டும் கிடைத்தது.

இவ்வளவும் காற்றோடு போகிறதே என்று எனக்கு ஆற்றாமை. ஒரு பெண்மணி சொன்ன குறையை அவன் பாடியபோது, அவனுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்தேன். கண்டுபிடித்துவிட்டான். “அந்தம்மா நம்மள நம்பி சொல்லிச்சு. எவனோ கேட்டு ஆடுறதுக்கா? அழிச்சிடு” என்றான். நியாயம்தான். ஆனால் முருகன் எதிரில் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அழித்தேன். அதன்பின் அவன் போகும்வரை நான்கு மாதம் அவனோடு வாசித்தேன், பேசவில்லை. டீ வாங்கிவந்து என் பக்கத்தில் வைப்பான். குடித்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். அடுத்த ஞாயிறு பேசிவிடலாம் என்றே ஒவ்வொரு ஞாயிறும் போனது. என்னைப் போல ஒரு மடையன் இருக்க மாட்டான்.

அடக்கம் முடிந்த வார ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே எல்லாரும் ஷெட்டுக்கு வந்துவிட்டீர்கள். மைக் முன்னால் ஆள் இல்லை. அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா, அதுவரை ஒரு நிகழ்ச்சிக்கும் வராதவர், எழுந்து வந்தார். “எனக்கு ஒரு குறை இருக்குது. ஆறு மாசமா நெஞ்சு வலிக்கு மாத்திர வாங்கி சட்டப் பையில வச்சி தின்னுருக்காரு. வூட்ல ஒரு வார்த்த சொல்லல. பாடுங்க” என்றார்.

பத்து வருடத்தில் நான் மைக்கில் வாயைத் திறந்ததே இல்லை. திறந்தேன். ‘சொல்லல, சொல்லல’ என்று நீங்களும் சேர்ந்து கத்தினீர்கள். முடிந்ததும் ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இல்ல. ஆனா சத்தமா இருந்துச்சு” என்றார்.

அன்று வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. ஊர்க் குறையெல்லாம் கேட்டவனிடம், உனக்கு என்ன என்று பத்து வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று வாசித்த நானும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் பாடுகிறவனிடம்தான் முதலில் குறையைக் கேட்கிறோம். போன ஞாயிறு முருகன் என்னிடம் கேட்டான். “நாலு மாசம் அவங்கிட்ட பேசலடா” என்றேன். முருகன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மைக்குக்கு வந்து அதைப் பாடினான். அந்தோணியின் பாட்டு ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சத்தம் போட்டுச் சொல்ல ஓர் இடம் மட்டும் இருக்கிறது.