பதினோரு காம்புகள்

சலூன்காரருக்கு ஒழுங்கு என்றால் உயிர். கிருதா இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால், வாசல்வரை போய்விட்ட ஆளைக்கூடக் கூப்பிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். பஸ்ஸில் முன் இருக்கைக்காரரின் பிடரியில் ஒற்றை முடி துருத்திக்கொண்டிருந்தால், இறங்கும்வரை இவருக்குக் கை துறுதுறுக்கும். முப்பது வருஷமாக நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த கை. அந்தக் கைதான் அத்தான் விஷயத்தில் இப்படிச் செய்துவிட்டது.

அத்தான் என்றால் அக்கா புருஷன். மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்தவர். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டித் தள்ளுவது வேலை. வெட்டிய கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொடிகளை வீட்டுக்குக் கொண்டுவருவது பைத்தியம். எது மரத்தின் சாற்றை உறிஞ்சுவது, எது சும்மா தொற்றிக்கொண்டு காற்றையும் மழையையும் நம்பிப் பிழைப்பது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். சந்தேகம் வந்தால் ஒரு இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்ப்பார். மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதி கண்ணைப் பறித்துக்கொண்ட பிறகு, விரலாலும் மூக்காலும் அதே வேலையைச் செய்தார்.

இப்போது சிறுநீரகமும் கைவிட்டு, படுத்த படுக்கை. அடுத்த வருஷத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். அக்கா தம்பியிடம் சொன்னாள். அத்தானிடம் யாரும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாமலும் இல்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஜன்னலில் தொங்கும் மெழுகுப்பூக் கொடி இன்னொரு தடவை பூத்துவிட வேண்டும். கட்டைவிரல் நகம் அளவு இலை, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. பொழுது சாய்ந்தால் அறை முழுக்க லவங்கப்பட்டை வாசனை அடிக்கும்.

ஞாயிறுதோறும் சலூன்காரர் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, கொடிக்கும் தண்ணீர் விடுவார். இலையை மெல்ல மடக்கிப் பார், வளைந்து கொடுத்தால் மட்டும் ஊற்று, விறைப்பாக இருந்தால் தொடாதே என்று அத்தான் சொல்லி வைத்திருந்தார். தொட்டியில் மண் கிடையாது, மரப்பட்டைத் துண்டும் கரியும்தான். இவரும் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டுதான் இருந்தார்.

ஒரு ஞாயிறு சவரம் முடியும்போதே அத்தான் தூங்கிப்போனார். அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சும்மா இருக்க முடியுமா இவரால்? கொடியைப் பார்த்தார். பச்சைக்கு நடுவே காய்ந்துபோனதுபோல, இலை இல்லாமல், மொட்டை மொட்டையாகக் காம்புகள். கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. பதினொன்றையும் ஒட்ட நறுக்கினார். வெட்டிய இடத்தில் பால் கசிந்தது. வழக்கப்படி படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றிலும் ஒற்றினார், ஏதோ கன்னத்தில் கீறல் பட்டுவிட்டதுபோல. திரும்பி வந்த அக்கா, இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றாள். இவருக்குப் பெருமை வேறு.

பத்து நாள் கழித்து நர்சரிக்காரர் ஒருவர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். பேச்சு கொடிக்குப் போனது. மெழுகுப்பூவில் பழைய பூங்காம்பைத் தொடவே கூடாது, வருஷா வருஷம் அதே காம்பில்தான் பூக்கும், வெட்டினால் புதுக் காம்பு வந்து பூக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அன்று அந்த மனிதரின் கிருதா ஒன்று ஏறி ஒன்று இறங்கிப் போனதைச் சலூன்காரர் கவனிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததுமே அத்தான் கேட்டார்.

"மொட்டு ஏதாவது விட்டிருக்கா மாப்பிள்ளை?"

"விட்டிருக்கு அத்தான். மூணு கொத்து."

எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. அத்தான் முகம் மலர்ந்ததைப் பார்த்தபிறகு வாபஸ் வாங்க முடியவில்லை. மறு வாரம் மொட்டு கடுகளவு ஆயிற்று. அதற்கு மறு வாரம் மிளகளவு. அத்தான் மாலையில் ஜன்னலைச் சாத்தக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போட்டார். அக்கா தம்பியை அடுக்களைக்கு இழுத்துப்போய், பூவுக்கு எங்கேடா போவாய் என்று பல்லைக் கடித்தாள். மனிதர் சாகக் கிடக்கிறார், அவரிடம் வாரா வாரம் கூசாமல் பொய் சொல்கிறோமே என்று இவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் சொல்லத் தைரியம் வரவில்லை.

சலூனுக்கு இரண்டு கடை தள்ளி இருக்கும் தையல்கார அம்மாவின் ஜன்னலில் ஒரு மெழுகுப்பூக் கொடி இருந்தது. ஒரு கொத்து பூத்து, இரண்டு கொத்து மொட்டு. சலூனில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், ராத்திரிக்குள் தந்துவிடுகிறேன் என்று அதையும் பொய் சொல்லியே வாங்கினார். அதற்கடுத்த ஞாயிறு மாலை பஸ்ஸில், கூட்டத்தில், பையோடு போய் இறங்கினார். அத்தானின் கொடியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் இதை மாட்டினார்.

வாசனை வந்தது. அத்தான் தலையைத் தூக்கினார். மூக்கு விரிந்தது, பிறகு சுருங்கியது. கையை நீட்டினார். சலூன்காரர் கொடியைத் தாழ்த்திப் பிடித்தார். அத்தான் ஒரு இலையை இரண்டு விரலால் வருடினார். இன்னொன்றை வருடினார்.

"என் கொடி இலைக்கு நடுவுல குழி இருக்கும். இது தட்டையா இருக்கு. வாசனையும் தேன் வாசனை. என்னோடது எங்கே?"

சலூன்காரர் கட்டிலருகில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கத்தரிக்கோல், படிகாரம், நர்சரிக்காரர், கடுகு, மிளகு எல்லாம். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"ஒரு காம்பைக்கூட விட்டு வைக்கலையா?"

"விடலை அத்தான்."

அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் சலூன்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பாமலே அத்தான் கேட்டார்.

"இது யார் வீட்டுச் செடி?"

சொன்னார்.

"மொட்டோட இருக்கறதை இடம் மாத்தக் கூடாது. உதிர்த்துடும். பையைப் பாரு."

பைக்குள் கைவிட்டார். அடியில், இளஞ்சிவப்பாக, ஒரு பிடி மொட்டு. கொடியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கொத்தும் வெறும் காம்பாக இருந்தன. அந்த நிமிஷமே அவர் மனது, காற்றில் உதிர்ந்துவிட்டது என்று தையல்கார அம்மாவிடம் சொல்லப்போகும் வசனத்தைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டது. அது தெரிந்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"உதிர்ந்திருக்கு அத்தான்" என்றார்.

"அந்தம்மாகிட்ட இன்னிக்கே போய்ச் சொல்லிடு" என்றார் அத்தான். "அவங்களையாவது மூணு வாரம் காக்க வைக்காதே."