தறிக்கு ஒரு பாட்டுப்பெட்டி

எனக்குப் பயம் வந்தால் அது முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். மூளைக்குச் செய்தி போய்ச் சேர அரை நாள் ஆகும். அந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம், என் தட்டில் மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில என்னக் கூப்புடறாங்க. பொடவ விரிச்சுக் காட்டற வேல. ஐப்பசி பொறந்தா வந்துடச் சொல்றாங்க."

"ஓஹோ, நல்லது" என்று வெகு கம்பீரமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நேராகக் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

நான் ஓடியதற்குக் காரணம் தறி. நான் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு நிற நூலும் சந்திக்கிற இடத்தில் ஒவ்வொரு இழைக்கும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்புக்குத்தான் கோர்வை என்று பெயர். இது ஒரு ஆள் வேலை இல்லை. நான் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நடுவில் உட்கார்ந்து, குறுக்கு நூல் வைத்த நாடாவை எறிவேன். என் மனைவி வலது ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ளுவாள். தள்ளி முடித்ததும் "ம்" என்பாள். அந்த "ம்" வந்த பிறகுதான் நான் காலடி மிதிபலகையை மிதிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்த "ம்"மில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

வேறு ஆளை உட்கார வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தாயிற்று. அவள் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் அண்ணனைக் கூப்பிட்டு ஓரத்தில் உட்கார வைத்தேன். பொழுது சாய்வதற்குள் நானும் அண்ணனும் பேச்சை நிறுத்திவிட்டோம். புடவையும் கரையும்கூட அப்படித்தான், ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாகக் கிடந்தன.

ஏன் போகிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம். அதனால் பதிலை நானே தயாரித்தேன்: அவளுக்கு அலுப்பு. கடை என்றால் நாள் முழுக்கப் பாட்டு போடுவார்கள். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? தறிச் சத்தமும் என் ஜோக்கும். பழைய ரேடியோ ஒன்று உண்டு. அதில் சென்னை வானொலிப் பாட்டு வரும்போது பாடுகிறார்களா, அப்பளம் பொரிக்கிறார்களா என்று சொல்ல முடியாது. ஆகவே தறிக்கு ஒரு நல்ல பாட்டுப்பெட்டி வந்தால் அவள் போக மாட்டாள். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கே பெருமை.

மனைவியின் தம்பி சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்தான். அவனுக்கு போன் போட்டேன். பாட்டு கேட்க இன்றைய கைப்பேசி வராத காலம் அது.

"ரெண்டு இருக்குது மாமா" என்றான். "ஒண்ணு பிளேயரு. தீப்பெட்டி சைஸு. உனுக்குப் புடிச்ச பாட்டெல்லாம் ஏத்திக்கலாம், காதுல மாட்டிக்கலாம். இன்னொண்ணு சாட்டிலைட் ரேடியோ. மேல ராக்கெட்டுலேர்ந்து நேரா உன் வூட்டுக்குப் பாட்டு வரும், கொரகொரப்பே இருக்காது. வருஷா வருஷம் சந்தா கட்டணும். ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள எதுன்னு சொல்லு."

எதுன்னு சொல்லு என்றால் நான் எப்படிச் சொல்வேன்? சட்டைத்துணி எடுக்கவே மூன்று கடை ஏறி, முதல் கடைக்கே திரும்பி வந்து, அங்கே அந்தத் துணி விற்றுப்போய்விட்டது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவன் நான். டீக்கடைக்குப் போனேன்.

"சாட்டிலைட்ட வாங்கு" என்றார் டீக்கடைக்காரர். "மழ பேஞ்சாலும் பாடும்."

"உனுக்கு எப்படிபா தெரியும்?"

"அவ்ளோ மேல மழ ஏது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாயக்காரர் சிரித்தார். எனக்குப் பட்டுக்குச் சாயம் போட்டுத் தருகிறவர். அவர் சட்டைப்பையில் அந்தத் தீப்பெட்டி சைஸ் பிளேயர் இருந்தது. அதன் மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை மயில்கழுத்து நிறத்தில் பதிந்திருந்தது.

"ரேடியோன்னா அவன் அனுப்பறத நீ கேட்டுக்கினு இருக்கணும். இதுன்னா நீதான் ராஜா. உன் பாட்டு, உன் காது. ஆமா, யாருக்கு வாங்கற?"

"வீட்டம்மாவுக்கு."

"அவங்களக் கேட்டியா?"

"அதுக்கு முன்னாடி ஊர்ல கருத்து கேட்டுடலாம்னு."

"நல்லா கேட்ட போ! ஊரு கூடியா உன் தறியில ஒக்காரப்போவுது?" என்றவர், பரிதாபப்பட்டு, பிளேயரை மூன்று நாளைக்கு இரவல் கொடுத்தார்.

காதில் வைக்கிற குமிழ்கள் இரண்டு இருந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. இதைவிட ஒரு கணவன் என்ன யோசிக்க முடியும்? தறிக்குக் குறுக்கே ஒயர் பாலம் மாதிரி தொங்க, ஒரே பாட்டை இருவரும் கேட்டுக்கொண்டே நெய்வது. இந்த யோசனை வந்தபோது என் முகத்தைக் கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொண்டேன்.

முதல் பாட்டு பாதி ஓடியது. அவள் நாடாவை நிறுத்தினாள்.

"எனக்கு வெறும் தபேலாதான் கேக்குது. பாடறவரு எங்க?"

"என் காதுல இருக்கறாரும்மா."

பழைய பாட்டுகளில் குரலை ஒரு காதுக்கும் வாத்தியத்தை மறு காதுக்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்ப அவரு கூடவே குடும்பம் நடத்துங்க" என்று தன் குமிழைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

சும்மா கிடக்கிறதே என்று அதையும் என் இன்னொரு காதில் மாட்டிக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது. பாட்டு பிரமாதம். கால் தானாக ஆடியது. தறியில் ஆடுகிற கால் மிதிபலகையைத்தான் மிதிக்கும். அவள் "ம்" சொல்கிறாளா இல்லையா என்று எனக்குக் கேட்கவில்லை. பாட்டின் தாளத்துக்கு மிதித்தேன், எறிந்தேன், அடித்தேன். அவள் ஏதோ சொல்வது போல வாயசைந்தது. பாட்டை ரசிக்கிறாள் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். கடைசியில் அவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் குமிழைக் கழற்றினேன்.

"அடியில தடவிப் பாருங்க" என்றாள்.

துணிக்கு அடியில் கைவிட்டு, கரை சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டினேன். நகம் உள்ளே போய்விட்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வையே விழவில்லை. அரக்கு உடல் ஒரு பக்கம், பச்சைக் கரை ஒரு பக்கம், நடுவில் வெளிச்சம். அது கல்யாணப் புடவை. மணவறையில் பெண் எழுந்து நிற்க, கரை மட்டும் தாலி கட்டாமலே தனியாக இறங்கிப் போகிற காட்சி என் கண்ணில் தெரிந்தது.

நெய்ததைப் பிரிப்பது நெய்வதைவிடப் பெரிய வேலை. அதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு இழையாக, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவள் அந்தப் பக்கம் வாங்க, மறுநாள் மத்தியானம் வரைக்கும் பின்னோக்கி நடந்தோம். இடையில், சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்கலாம் என்று பிளேயரில் சின்ன ஒலிபெருக்கியை மாட்டி வைத்தேன். இருந்த பாட்டுகளே திரும்பத் திரும்ப ஓடின.

"இப்ப அந்த நதியப் பத்தி ஒரு பாட்டு வரும். அது முடிஞ்சா மூக்கால அழற பாட்டு" என்றாள், தலையைத் தூக்காமல். அப்படியே வந்தது. "ரெண்டு நாள்ல எல்லாம் எனக்கே மனப்பாடம் ஆயிட்ச்சு. தெரிஞ்சதயே திருப்பிச் சொல்றதுக்கு ஒரு மெஷினா? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

பிறகு சேர்த்துச் சொன்னாள்: "கடைக்காரம்மாவுக்கு திங்கக்கெழம பதில் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். கடையிலிருந்து சாட்டிலைட் ரேடியோவைச் சோதனைக்கு என்று வாங்கி வந்திருந்தான். பெட்டி சின்னதுதான். அதோடு ஒரு ஒயரில் புத்தகம் அளவுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். வெறும் வானம் போதாது, தென்கிழக்கு வானம். நான் தட்டை ஏந்திக்கொண்டு வீடு முழுக்கப் பிச்சைக்காரன் மாதிரி சுற்றினேன். கொல்லையில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. வாசலில் வைத்தால் நாலு வார்த்தை வந்து நின்றது. தெருவுக்குக் கொண்டுபோனால் பெட்டி நன்றாகப் பாடியது, ஆனால் தறியைத் தெருவுக்கு எடுத்துவர முடியாது.

"மாமா, அந்தச் செவுத்துல ஜன்னல் இருக்குதா?" என்று மச்சான் தறி அறையின் வலது பக்கத்தைக் காட்டினான்.

இருந்தது. என் மனைவி உட்காருகிற இடத்துக்கு நேர் பின்னால். அதை மூடி எத்தனையோ வருஷம். பட்டில் வெயில் பட்டால் நிறம் மங்கும் என்று மூடினேன். மூடிய ஜன்னல் முன்னால் இடம் சும்மா கிடக்கிறதே என்று பழைய அட்டைக்கட்டுகளை அடுக்கினேன். துளை போட்ட அந்த அட்டைகளைப் படித்துத்தான் தறி யாளியும் மாங்காயும் போடும். காலாவதியான டிசைன்கள்தான், ஆனால் ஒருநாள் திரும்ப வரும் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அடுக்கு ஆளுயரம் இருந்தது.

கட்டுகளை இறக்கினோம். கொக்கி துரு ஏறி இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியால் இரண்டு தட்டு தட்டி, தோளைக் கொடுத்து மோதியதும் ஜன்னல் பெரிய சத்தத்தோடு திறந்தது. தட்டை அதன் விளிம்பில் வைத்தான் மச்சான். பெட்டியில் ஒரு நாதஸ்வரம் சுத்தமாக எழுந்தது. கொரகொரப்பே இல்லை.

நான் ஜெயித்துவிட்ட முகத்தோடு மனைவியைத் தேடினேன். அவள் அடுக்களையிலிருந்து வந்தவள், யாரும் கூப்பிடாமலே தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நாதஸ்வரத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த சந்துப் பக்கமிருந்து காற்று வந்து அவள் நெற்றி மயிரைத் தள்ளியது. கரை நூலை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணை இடுக்காமல் பார்த்தாள்.

"இத்தினி வருஷமா மூடிக் கெடந்த ஜன்னலத் தொறக்க மேலேர்ந்து ஒரு ராக்கெட்டு வர வேண்டியிருந்துது, பாரேன்" என்றாள் தம்பியிடம்.

"ஜன்னல் வேணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னேன். போன சித்திரையில, வேத்து ஊத்தறப்ப சொன்னேன். நீங்க ஒரு ஜோக்கு சொன்னீங்க."

"என்ன ஜோக்கு?"

"அது ஞாபகம் இல்ல. சிரிக்கலன்னு மட்டும் ஞாபகம் இருக்குது."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினான். பிறகு வியாபாரத்துக்கு வந்தான். "அக்கா, நீயே சொல்லிடு. பிளேயரா, ரேடியோவா?"

"ஜன்னல மூடிட்டா இது பாடுமா?"

"எப்படிக்கா பாடும்? வானம் தெரியணும்."

"அப்ப இதான்" என்றாள்.

நான் ஊரெல்லாம் கேட்டுச் சேர்த்திருந்த கருத்துகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். சந்தா, வெயில், பட்டின் நிறம். அவள் எழுந்து என் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலுக்குத் திரையாகக் கட்டினாள். வெயில் நின்றது, காற்று வந்தது, பெட்டி பாடியது. "அட்டைய உங்க பக்கம் அடுக்கிக்கோங்க" என்றாள். அடுக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தூசியில் தும்முவது நான்தான்.

திங்கட்கிழமை அவள் கடைக்காரம்மாவிடம் போனில் பேசினாள். நான் நூல் அறுந்த மாதிரி குனிந்து தேடிக்கொண்டே ஒட்டுக்கேட்டேன். "இல்லக்கா... இப்போதைக்கு வரல. ஆமா, இப்போதைக்கு." அந்த "இப்போதைக்கு" என் வயிற்றில் போய் உட்கார்ந்தது. ஆனாலும் சமாளித்தேன். அன்று "ம்" வந்த ஒவ்வொரு தடவையும் அரை நொடி பொறுத்தே மிதித்தேன். கல்யாணப் புடவை நாள் தவறாமல் தறியிலிருந்து இறங்கியது. கோர்வையில் நகம் இறங்கவில்லை.

சில வருஷம் பாடிவிட்டு அந்த ராக்கெட் ரேடியோச் சேவை ஒருநாள் நின்றுபோனது. பெட்டி ஊமையானது. பெட்டி பாடாது என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. கட்டாயம் போய் ஜன்னல் மறுபடி மூடிக்கொண்டால் அவள் கடைக்குக் கிளம்பிவிடுவாளோ? யோசிப்பதற்குள் என் கால் கொத்தனார் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையே ஆளும் கடப்பாரையுமாக வந்து, அந்த ஜன்னலைச் சுற்றிச் சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டோம்.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி, செங்கல் சுமந்துகொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெட்டி பாடலன்னா செவுத்தையா இடிப்பாங்க?"

"பெரிசாக்கறேன்மா. காத்து நல்லா வரட்டும்."

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் இல்லை, கொத்தனாரிடம் சொன்னாள்:

"இன்னும் ஒரு அடி கீழ எறக்குங்கண்ணா. ஒக்காந்தா எனக்கு சந்துல போறவங்க முகம் தெரியணும்."