கரிப்பொட்டு வைத்த முட்டைகள்

நல்லூரில் என் அறைக்கு எதிரே குடியிருக்கும் சுதா, சென்ற வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தாங்கியின் அடியில் கிடந்த பாம்பொன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். நான் பூசைக்குரிய பூக்களை நீரில் அலசி முடிக்குமுன் பதில் வந்துவிட்டது: சாரை, நஞ்சில்லை. அவள் நிம்மதியாக உள்ளே போனாள். இதே கேள்விக்கு விடை காண நாங்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தோமே என்று நான் ஈரப் பூக்கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

நனைந்த உமியின் மணம் ஒன்று எழுந்தது. நல்லூரில் உமிக்கு எங்கே போவது? நினைவின் மணந்தான். அக்காலத்தில் நாங்கள் சாவகச்சேரிக்கு அப்பால் வயற்கரையில் இருந்தோம். வீட்டின் பின்னே நெல்மூடை அடுக்கும் கொட்டில். அதில் எலிகளின் அரசாட்சி. அவ்வரசைக் கவிழ்க்க வந்து தங்கிய நெடும்பாம்புக்கு என் கணவர் ‘பெரியவர்’ என்று பெயரிட்டார். மூடை இழுக்கும்போது, “கொஞ்சம் தள்ளிப் படும், ஐயா” என்பார். அதுவும் விலகிப் படுக்கும். நான் நாள்தோறும் அரவணிந்த பெருமானைப் பாடிப் பணிபவள். ஆயினும் அக்கொட்டிலுக்குள் ஒரு காலும் வைத்ததில்லை.

மணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் எங்களுக்குப் பிள்ளையில்லை. நாகதோஷம் என்று சாதகம் பார்த்தவர் சொன்னதிலிருந்து நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் சுமந்துகொண்டிருந்தேன். அந்த ஆனி மாதம் வேலியோரம் இரண்டு பாம்புகள் பிணைந்து நின்றன. பக்கத்து வளவுப் பொன்னம்மாக்கா ஓடிப்போய்த் தம் கணவரின் புதுவேட்டியை எடுத்துவந்து அவற்றின்மேல் போட்டார். பிணைந்த பாம்புகளின்மேல் பட்ட துணி வீட்டுக்கு நன்மை தரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாம்புகள் போனபின் அதில் பாதியைக் கிழித்து, வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த பொட்டுக்குள்ளால் நீட்டினார்.

“சாரையும் நாகமும், பிள்ளை. அலுமாரிக்குள்ளை வை. உனக்குப் பலிக்கும்.”

கோயில் திருவிழாவுக்கு அரைவேட்டியோடா போவது என்று அவர் கணவர் கேட்டாராம்.

ஆவணி கழிகையில் பெரியவர் முட்டையிட்டார்.

நாங்கள் சிரித்து ஓயுமுன் பொன்னம்மாக்கா பொட்டுக்குள்ளால் வந்துவிட்டார். “சாரை எங்கை முட்டை போடுறது? சாரை ஆம்பிளைப் பாம்பு. முட்டை போட்டுதெண்டால் உது நாகம்.”

“அப்ப படத்தை எங்கை, அக்கா, ஈடு வைச்சிட்டுதோ?” என்றார் என் கணவர். பெரிய கண்ணையும் உதட்டுக் கறுப்புக் கீறல்களையும் சொல்லிச் சாரைதான் என்று சாதித்தார். ஈற்றில், பாம்பு எதுவானாலும் முட்டைகள் கலப்பு என்று பொன்னம்மாக்கா முடிவு செய்தார். அவருடைய கணவர், கலப்பென்றால் நஞ்சு இரட்டிப்பாகும், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுங்கள் என்று சொல்லியனுப்பினார். நான் மறுத்தேன். நாகத்தின் கலப்புச் சிறிதேனும் இருக்குமாயின் தம்பிரான் எங்கள் வளவுக்கே எழுந்தருளிவிட்டார், பிள்ளையும் வரும். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் கணவர் அறியாதவரும் அல்லர்.

ஐப்பசி மழையில் கொட்டிலுக்குள் வெள்ளம் ஏறியது. தாய் முன்னரே முட்டைகளை விட்டுப் போயிருந்தது. என் கணவர் பானையில் ஈர உமி பரப்பி, முட்டைகளை அவை கிடந்த கிடையிலேயே எடுத்து வைத்தார். புரண்டுவிடாதிருக்க ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் கரியால் ஒரு பொட்டு. கண்ணேறு படாமல் குழந்தைக்கு வைப்பதுபோலவே இருந்தது. இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும் என்று, கோழியை அடைவைக்கும்போது செய்வதுபோல் இரும்பாணியும் கரித்துண்டும் கொண்டுவந்து பானைக்குள் வைத்தவர் பொன்னம்மாக்காதான். கொளுத்தச் சொன்ன வீட்டு ஆணி!

பானை குசினி மூலைக்கு வந்தது. பாம்புக்கு அஞ்சிய நானே உமி உலராமல் நீர் தெளித்தேன். பிள்ளைவரம் வேண்டும் பதிகங்களை அடுப்படியிலிருந்தே பாடினேன். பானைக்கும் கேட்கட்டும் என்று. என் கணவர் வயலால் வந்ததும் கால் கழுவாமலே, “என்ன பாடு?” என்பார். இருவரும் குந்தியிருந்து பார்ப்போம்.

கார்த்திகையில் ஒரு காலை முட்டைகள் கீறுண்டன. ஈரத்தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று கழுத்தை ஊதிச் சீறியது.

“படம் எடுக்குது!” என்றார் பொன்னம்மாக்கா.

நான் கைகூப்பிவிட்டேன். என் கணவர் அதை உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் காட்டினார். ஊதியது தொண்டைதான், படம் விரியவில்லை. பெரிய கண்கள், உதட்டில் அதே கீறல்கள். ஒன்றுவிடாமல் அத்தனையும் சாரை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பொன்னம்மாக்கா பொட்டுக்குள்ளால் வீட்டுக்குப் போய்விட்டார். என் கணவர் என்னருகில் வந்து குந்தினார்.

“பெருமான்ரை கழுத்திலை கிடக்கிறது சாரையோ நாகமோ எண்டு ஆர் பாத்தது? இஞ்சை திரும்பும். எங்கடை வீட்டிலை பிறந்ததுகள். ஒருக்காப் பாத்திட்டு விடுவம்.”

திரும்பினேன். ஒவ்வொன்றாகக் கிடுகுவேலியின் கீழால் விட்டோம். கடைசியாய்ப் போனது என் விரலைச் சுற்றி, சற்றே தயங்கிப் போயிற்று.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த வளவு கைமாறி, சுற்றிலும் மதில் எழும்பிவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்று அயலார் கேட்கும்போதெல்லாம் அவர் என்னை முந்திக்கொண்டு, “கனக்கப் பிறந்தது. எல்லாம் வேலியாலை போயிட்டுதுகள்” என்பார். கேட்டவர் திகைத்து நிற்க, எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்காது. அவர் சிவபதமடைந்தபின், அதே கேள்விக்கு ‘இல்லை’ என்று நான் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.