வாளியோடு வீடு பார்க்கப் போனவள்

புரோக்கர்கள் தங்களுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வாளி அக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் தெருமுனையில் திரும்பும்போதே, "வாளி வருது" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வீடு விற்கிறவனுக்குத் தன்னைப் பிடித்துவிட்டால்தான் தன் பார்வையில் ஏதோ கோளாறு என்பது அவள் கணக்கு.

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருந்தாள். பேன்ட் காலைக் குறைப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, கல்யாணத்துக்குப் பிறகு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்துவிடுவது. அரை விரற்கடை பிசகினாலும் பிரித்துப் போட்டு மறுபடி தைப்பாள். அப்படியே இருபது வருஷம் குனிந்து தைத்து, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை வாங்கி வாடகைக்கு விட்டாள்.

முதல் குடித்தனக்காரன் தேனாகப் பேசினான். "நீங்க எனக்கு அம்மா மாதிரி" என்றான். இரண்டு மாதம் வாடகை தந்து பதினான்கு மாதம் இருந்தான். காலி செய்தபோது மின்விசிறியோடு பல்பு மாட்டும் ஹோல்டரையும் கழற்றிக்கொண்டு போயிருந்தான். பெற்ற மகன் அம்மா வீட்டிலிருந்து எடுத்துப் போனான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அதன்பிறகு, வருகிறவன் முன்பு குடியிருந்த வீட்டுக்குப் போய் விசாரிக்காமல் எவனுக்கும் அவள் சாவி கொடுத்ததில்லை. ஒப்பந்தம் எழுதாமல் யாரையும் பெட்டியை உள்ளே வைக்க விட்டதில்லை. வீடு வாங்கப் போனால் கையில் ஒரு பச்சை வாளியும் டார்ச்சும் இருக்கும். இப்போது அவளுக்கு மூன்று வீடு.

இவ்வளவும் தெரிந்த சொந்தத் தம்பி, வாடகைக்கு விட ஒரு அடுக்குமாடி வீடு பார்த்து முடித்ததை அவளிடம் மூச்சுவிடவில்லை. அவன் கம்பெனியில் பிடித்துவைத்த சேமிப்பு முழுவதும், அவன் மனைவியின் நகையில் பாதியும் அதில் போகவிருந்தது. முன்பணம் கொடுக்கிற அன்று காலையில் அந்த மனைவிதான் போன் செய்து அழுதாள். பத்து மணிக்கெல்லாம் அக்கா வாளியோடு அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

தம்பிக்கு முகம் கறுத்தது. "உன்னை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிடுற வழக்கம் உனக்கு எப்பதான் இருந்துச்சு?"

"எல்லாம் பாத்தாச்சுக்கா. முதல் தடவை வாங்குறவங்க என்னென்ன பாக்கணும்னு நாப்பது வீடியோ பாத்திருக்கேன்."

"வீடியோல குழாய் திறந்து பாத்தியாடா?"

புரோக்கர் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "அம்மா, தம்பிக்கு அலைச்சலே கிடையாது. ஆளோட சேர்த்துத்தான் வீடு. மூணு வருஷமா இருக்காரு, ஒண்ணாம் தேதி தவறாம வாடகை. எனக்கு யாரோ எவரோதான், ஆனா தங்கமான மனுஷன்." வாசலில் நின்ற குடித்தனக்காரர் கைகூப்பினார்.

அவள் குளியலறைக்குப் போய் வாளியைக் குழாய்க்கடியில் வைத்தாள். நூல் கட்டினாற்போல் தண்ணீர் விழுந்தது. வாளி நிறையும் வரை குடித்தனக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"தண்ணி எப்பவும் இப்படித்தானா?"

"தண்ணிப் பிரச்சினையே இல்லீங்க."

"பக்கத்து வீட்டுச் சத்தம்?"

"கேக்கவே கேக்காதுங்க."

"மழைக்குச் செவுரு ஓதம் ஏறி ஊறுதா?"

"அருமையான வீடுங்க."

நிறைந்த வாளியைத் தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல், வழி தெரிந்ததுபோல் நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்தது. தம்பி செருப்பைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.

அவளுக்கு உறுத்தியது தண்ணீர் அல்ல. மூன்று வீட்டில் எத்தனையோ குடித்தனங்களைப் பார்த்தவள் அவள். புதிதாக வாங்க ஒருவன் வந்து நின்றால், எங்கே வாடகையை ஏற்றிவிடுவானோ என்று, இருக்கிற குறையோடு இல்லாத குறையையும் சேர்த்துச் சொல்வான் குடித்தனக்காரன். இந்த ஆளுக்கோ ஒரு குறைகூட இல்லை.

"சமையலறை இருட்டா இருக்கே. லைட்டைப் போடுங்களேன்" என்றாள்.

அந்த ஆள் சுவரைத் தடவினார். ஒன்றைத் தட்டினார், கூடத்தில் மின்விசிறி சுற்றியது. இன்னொன்றைத் தட்டினார்; ஒன்றும் நடக்கவில்லை.

"வலது பக்கம்யா!" புரோக்கர் பல்லைக் கடித்தார்.

"இடதுன்னுதானே மாமா சொன்னீங்க!"

குடித்தனக்காரர் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"தன் வீட்டு ஸ்விட்ச் கைக்குத் தெரியும்" என்றாள் அவள். "மூணு வருஷம் வேண்டாம், மூணு நாள் போதும். காலி வீட்டுக்கு மருமகனைப் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கீங்க. மாப்பிள்ளைக்கு ஒத்திகை பத்தல."

புரோக்கர் குரலை உயர்த்தினார். பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வாங்க வந்தால் இப்படித்தான் என்றார். வாங்குகிற யோக்கியதை இல்லாதவர்களுக்குக் காட்டியது தன் தப்பு என்றார். முன்பணம் இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியிறங்கிய தம்பி, தெருவுக்கு வந்ததும் அவள்மேல்தான் பாய்ந்தான்.

"நாலு பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டே. இப்ப சந்தோஷமா?"

"நாலு பேர் இல்லடா, ரெண்டே பேர். அதுலயும் ஒருத்தனுக்கு ஸ்விட்ச்சே தெரியல."

"நான் படிச்சவன்க்கா! எனக்கு எல்லாம் தெரியும்!"

"தெரியுது. செருப்பு நனையாமப் பாத்துக்கிட்டியே."

அத்தோடு பேச்சு அறுந்தது. மூன்று மாதம் போன் இல்லை. அவன் மனைவி மட்டும் ஒருநாள் கடைக்கு வந்து, தப்பிய வளையல் போட்ட கையால் ஒரு ரவிக்கையைக் கொடுத்து, கைப்பக்கம் பிரித்துவிடச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கூலி வாங்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

பிறகு ஒரு காலையில் தம்பியே கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், தொங்கவிட்டிருந்த பேன்ட்டுகளைப் பார்த்துப் பேசினான்.

"வேற ஒரு வீடு பாக்கப் போறேன். அந்த வாளி வேணும்."

"உங்க வீட்டுல வாளி இல்லையா?"

"குடுக்குறியா, இல்லையா?"

அவள் ஊசியை நிறுத்தினாள். மேசைக்கடியிலிருந்து வாளியை எடுத்து, அடியில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். டார்ச்சை இரண்டு தரம் தட்டி எரியவைத்துப் பார்த்து உள்ளே போட்டாள்.

"நீ ஒண்ணும் வர வேண்டாம்" என்றான் தம்பி.

"யாரு வர்றேன்னா? கழுவிக் கொண்டாந்து வை."

வாளியை வாங்கிக்கொண்டு விறைப்பாக நடந்தான். சந்து முனையில் நின்றிருந்த புரோக்கர் ஒருவர் அவன் கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் அதைக் கடையிலிருந்தே பார்த்தாள். பார்த்துவிட்டு, குனிந்து மிச்சத் தையலைப் போட்டாள்.