நாலாம் நம்பர் மெஷினின் மாப்பிள்ளை

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போதே ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டார்கள். புதிதாக வந்த மேனேஜரம்மாவின் ஏற்பாடு. தாளின் மேல்பாதியில் 'இங்கே வேலை செய்வதில் பிடித்தது', கீழ்ப்பாதியில் 'பிடிக்காதது'. பெயர் போட வேண்டாம். சாயங்காலத்துக்குள் ஆபீஸ் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கதவுக் கீல் செய்யும் அந்தக் கம்பெனியில் அதுவரை யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் கை துறுதுறுத்தது.

பிடித்தது என்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள்: தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் பஸ், கூட வேலை செய்கிற ஆட்கள். பிடிக்காததில்தான் கற்பனை கரைபுரண்டது. ஊருக்கெல்லாம் கீல் செய்து அனுப்புகிறோம், நம் கழிவறைக் கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது என்று ஒருவர் எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டினார். எந்நேரமும் வாயில் விசிலோடு திரியும் சூப்பர்வைசரைப் பற்றிப் பாதிப் பேர் எழுதினார்கள். அவருக்குப் பெயரே விசில்தான். அவரும் நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

செட்டர் மட்டும் மேல்பாதியை நிரப்பிவிட்டுக் கீழ்ப்பாதியை முறைத்துக்கொண்டிருந்தார். பிரஸ் மெஷின்களுக்கு அச்சு பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்கிறார். எழுத ஒன்றும் இல்லாமலா? இருந்தது. அதற்குத் தகப்பனே அவர்தான்.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்கடியில் கை இருக்க வழியில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் அவசர ஆர்டரின்போது, செட்டர் துடைப்பக் கட்டையில் ஒரு துண்டு நறுக்கி இடது பட்டனை அழுத்தி, அது திரும்ப எழாதபடி அதைச் சுற்றியுள்ள வளையத்தில் செருகிவிட்டார். இடது கை விடுதலையாகித் தகட்டை வைத்து எடுத்தது. ஒன்றுக்கு ஒன்றரையாக வேலை ஓடியது. எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு வேலையும் செய்யாமல் அழுத்தமாக உட்கார்ந்திருப்பதால் அந்தக் கட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயரும் வைத்தார்கள். இன்று பத்து மெஷினிலும் மாப்பிள்ளை உண்டு. வெளியாட்கள் பார்வையிட வந்தால் மட்டும் பாக்கெட்டுக்குள் போய்விடுவார்.

அடுத்த மூன்று வருஷத்தில் மாப்பிள்ளை, மெஷினில் இருந்த ஒருவரின் இரண்டு விரலை வாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தக் கட்டையை உருவி ஒளித்தவரும் செட்டர்தான். கவனக் குறைவு என்று எழுதி, விரல் போனவரை வாசலில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். ஒன்பது வருஷமாகத் தினமும் அந்த மூன்று விரல் கையைத் தாண்டித்தான் செட்டர் உள்ளே வருகிறார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததென்று சூப்பர்வைசர் விசில் ஊதினார். நாலாம் நம்பர் ஆள் லீவு. பேக்கிங்கில் இருந்து ஒருத்தியை அழைத்து வந்து உட்கார வைத்தார். செட்டரின் மனைவி.

நாலாம் நம்பரின் கிளட்ச் ஒரு வாரமாகச் சரியில்லை. ஒருமுறை அழுத்தினால் எப்போதாவது இரண்டுமுறை இறங்கிவிடும். செட்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆர்டர் முடியட்டும் என்று விசில் தள்ளிப்போட்டார். இப்போது ஓடிப்போய்ச் சொன்னதற்கும் அதே பதில்தான். பத்து மெஷினின் எண்ணிக்கையும் சேர்ந்து முடிந்தால்தான் பஸ் கிளம்பும், ஒன்றை நிறுத்தினால் அத்தனை பேரும் உன்னைத்தான் திட்டுவார்கள் என்றார்.

அவள் கை வேகமான கை. இடது கை அச்சுக்கடியில் போவதும் வருவதுமாக இருந்தது. செட்டர் ஒவ்வொரு அடியையும் எண்ணினார். நூற்றுப்பத்து வரை எண்ணிவிட்டு எழுந்து போய், அவள் கை வெளியே வந்த நொடியில் கட்டையை உருவினார்.

அவள் வலது பட்டனை அழுத்தினாள். மெஷின் அசையவில்லை.

"என்னங்க பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"ரெண்டு கையாலயும் அழுத்து."

"எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் கூடாதா? என்னால பஸ் லேட்டாச்சுன்னா நாளைக்கு யார் முகத்துல முழிக்கறது?"

பக்கத்து மெஷின்களில் முணுமுணுப்பு எழுந்தது. பொண்டாட்டின்னா தனிச் சட்டம் என்று ஒரு குரல் காதில் விழும்படியே சொன்னது. செட்டர் நகரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. எண்ணிக்கை பின்தங்கியது. விசில் வேகமாக வந்து கட்டைக்காகக் கையை நீட்டினார்.

அப்போதுதான் மெஷின் இரண்டுமுறை அடித்தது. அவள் கைகள் இரண்டும் பட்டன் மேலேயே இருந்தன. நசுங்கிய தகடு ஒன்று தரையில் விழுந்து சுழன்று அடங்கியது. அவள் இடது கையை எடுத்து மடியில் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டாள். விசில் நீட்டிய கை அப்படியே நின்றது.

செட்டர் மெயின் ஸ்விட்சை அணைத்தார். நின்றபடியே தாளின் கீழ்ப்பாதியை எழுதினார்: கட்டையை முதலில் நறுக்கியது யார், யாருடைய விரல் போனது, அன்று அதை ஒளித்தது யார், இப்போது பத்து மெஷினிலும் என்ன இருக்கிறது. கட்டையை அந்தத் தாளிலேயே சுற்றிக்கொண்டு போனார். பெட்டியின் பிளவில் அது நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். கட்டையை எடுத்துவிட்டுத் தாளை மட்டும் போட்டிருக்கலாம். அந்த யோசனை வரத்தான் செய்தது. மேனேஜரம்மாவின் கதவைத் தட்டி உள்ளே போய்க் கட்டையை மேஜை மேல் வைத்தார். பெயர் என்ன என்று அந்தம்மா கேட்டார். சொன்னார்.

அன்று பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். வரிசையில் இருந்தவர்கள் அவரை விட்டு விலகி நின்றார்கள். மனைவி மட்டும் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு வர வேண்டாம், விசாரணை முடிந்து சொல்லி அனுப்புகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

கேட்டில் வாட்ச்மேன் வழிவிடாமல் நின்றார். சேதி அதற்குள் அவரிடம் வந்துவிட்டிருந்தது.

"என் பேரையும் எழுதினியா?"

"எழுதினேன்."

வாட்ச்மேன் மூன்று விரலால் கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கினார்.

"உன் வீட்டுக் கை உள்ளே போனப்பதான் எழுத வந்துச்சு" என்றார்.