பொட்டில் கட்டிய வார்

எனக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் வலது நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு புழுப்போலப் புடைத்துக்கொண்டு விண்விண்ணென்று தெறிக்கும். விரலால் அழுத்தினால் அடங்கும். விட்டால் உடனே வரும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தோலிலிருந்து சதை வழிப்பது என் வேலை. கத்தியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பொட்டை யார் பிடிப்பது, மேஸ்திரியா?

வேலூரில் ஒரு டாக்டரிடம் போனேன். "மண்டைக்குள்ளே ஒண்ணுமில்லப்பா. வெளியில இருக்கிற ரத்தக்குழாய் விரிஞ்சு துடிக்குது, அதான் வலி. இருட்டு ரூம்ல படுத்து ரெஸ்ட் எடு" என்றார். நல்ல டாக்டர்! ஒரு நாள் படுத்தால் என் இடத்தில் வேறொருவன் நிற்பான்.

துணி கட்டிப் பார்த்தேன், நழுவியது. ஒருநாள் காலையில் வலி தாங்காமல், கழுவிய பச்சைத் தோலில் ஒரு வார் அறுத்து, நரம்பின்மேல் புளியங்கொட்டை வைத்து, ஈரத்தோடு இறுக்கி முடிச்சுப் போட்டேன். வலி அடங்கிவிட்டது. என்னைப்போல் கெட்டிக்காரன் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கென்று மேஸ்திரி என்னைத் தோல் உலர்த்த வெயிலில் நிற்கவைத்தார்.

பச்சைத் தோல் காயக் காயச் சுருங்கும். தினமும் பார்க்கிறவன்தான், என் தலையில் கட்டியதும் மறந்து தொலைத்தேன். மத்தியானத்துக்குள் வார் கல்லாகிவிட்டது. முடிச்சு அசையவில்லை, கண் பிதுங்கியது. கூட வேலை செய்தவன் கத்தியோடு வந்தான். வாருக்கடியில் நகம்கூட நுழையவில்லை. "வேணாண்டா, நரம்பு அறுந்துபோச்சின்னா இன்னா பண்றது?" என்று அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னாய்யா இது, மாட்டுக்குக் கட்றாப்பல கட்டிக்கினு வந்திருக்கே!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். என்னை உட்காரவைத்து, வாரின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஊற ஊற முடிச்சு இளகியது. அவிழ்த்தாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ரத்தம் பொட்டுக்குப் பாய்ந்தது. அந்த வலிக்கு முன்னால் காலையில் இருந்தது ஒன்றுமேயில்லை. சுவரில் போய் முட்டினேன். அவள் என் தலையை மடியில் இழுத்துவைத்து, கட்டைவிரலால் நரம்பை அழுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

அப்போது தூளியில் குழந்தை அழுதது. பிறந்து மூன்று மாதம்.

"கைய எடுக்கட்டுமா? காலையிலேர்ந்து அது சரியா பால் குடிக்கல."

"எடுக்காதே."

"செத்த நேரம் நீயே அழுத்திக்கோய்யா. குடுத்துட்டு வந்துர்றேன்."

"எடுத்தியானா செத்துடுவேன்" என்றேன்.

குழந்தை வீறிட்டுக் கத்தியது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவளுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மியது. அப்புறம் சத்தமே இல்லை. பிடித்த பிடியை நான் விடவில்லை.