மேளத்துக்குப் பின்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கொக்குவில் சுதாகரனிடம் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. கொழும்பில் யாரோ ஓடி அலுத்துப் போட்டதை வாங்கி வந்து, புதுப் பெயின்ற் அடித்து, கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டான். மாப்பிள்ளை அழைப்பென்றால் முன்னால் தவிலும் நாதஸ்வரமும் நடக்கும். பின்னால் கார் ஊரும். சாரதி ஆசனத்தைச் சுதாகரன் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டான். ஆகையால் தாலி கட்டித் திரும்பும்போது பொம்பிளைக்கு அதில் இடமில்லை. அவள் வான் வண்டியில் பின்னால் வந்து சேருவாள்.

அந்த என்ஜினின் வேகத்தை அவன் ஒருநாளும் கண்டதில்லை. அதைப் பற்றிக் கதைப்பதில்தான் அவனை மிஞ்ச ஆளில்லை. டயர்கள் தேய்ந்து வழுவழுத்துப் போனபோது கவலைக்குப் பதில் அவனுக்கு உற்சாகம் பிறந்தது. ஜெர்மன்காரன் ஒருவன் ஈர ஓடுபாதையிலும் காய்ந்த ஓடுபாதையிலும் டயர்களைச் சோதிக்கும் வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பார்த்தான். வேகமாக ஓடும் டயர் தண்ணீருக்கு மேலே மிதந்து வழுக்கும் விதத்தை மனைவி உதயகலாவுக்கு விளக்கினான்.

"மேளகாரர் நடக்கிற வேகத்திலை உது எங்கை மிதக்கப்போகுது?" என்றாள், மீனைச் செதில் தட்டிக்கொண்டே.

அவளுக்கு விஞ்ஞானம் ஏறாது என்று சுதாகரன் தீர்மானித்தான்.

ரவுன் கடைத்தெருவில் டயர்க்கடை வைத்திருந்த ஜிப்ரி நானாவிடம் இருவரும் போனார்கள். நானா இரண்டு வகை டயர்களை உருட்டி வந்து காட்டினார். ஒன்றில் தண்ணீரை ஒதுக்கித் தள்ள ஆழமான வெட்டுகள். மற்றதில் வெட்டே குறைவு. மென்மையான ரப்பர், காய்ந்த தார்ச்சாலையை அட்டை மாதிரி ஒட்டிப் பிடிக்கும்.

"தம்பி, என்ன வேகத்திலை ஓடுறனீங்கள்? மழைக்கையும் எடுக்கிறனீங்களோ?"

தவில்காரர் இளைப்பாற நின்றால் காரும் நிற்கும் என்ற உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஏ-நைன் ரோட்டிலை விட்டால் நூற்றறுபது. மழையிலை வெளிக்கிடுறேல்லை."

உதயகலா இருமினாள். கார்த்திகை மாதக் கலியாணம் ஒன்றை அதே வாரம்தான் பொறுப்பெடுத்திருந்தார்கள்.

"அந்த வேகத்துக்கு வெட்டுக் குறைஞ்சதுதான் சரி. ஆனால் சேறெண்டால் இது அசையாது. பிறகு என்னோடை கோவிக்கப்படாது," என்றார் நானா. சுதாகரன் பெருந்தன்மையோடு தலையசைத்தான்.

கார்த்திகைக் கலியாணத்து மாப்பிள்ளை லக்ஷன் நோர்வேயிலிருந்து வந்திருந்தான். பொம்பிளை கஜானியின் வீடு சண்டிலிப்பாயில், தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒடுங்கிய மண் ஒழுங்கையின் முடிவில். முதல்நாள் பிடித்த மழை விடவில்லை. தார்ச்சாலை முடிந்து ஒழுங்கைக்குள் இறங்கியதும் காரின் பின் சில்லுகள் சீறிச் சுழன்றன. சுதாகரனிடம் வந்த பிறகு அந்தக் கார் காட்டிய முழு வேகமும் அதுதான்; நின்ற இடத்திலேயே காட்டியது. சேறு பறந்து, பின்னால் குடைபிடித்து வந்த மாப்பிள்ளைத் தோழனின் பட்டு வேட்டியை நிறம் மாற்றியது. பிறகு கார் பின்பக்கமாக மெல்லச் சரிந்து, யாரோ வீட்டு ஓலைக் கிடுகு வேலியில் சாய்ந்துகொண்டது. மேளம் நின்றது. தலைப்பாகையோடு லக்ஷன் உள்ளே இருந்து, இறங்கவும் முடியாமல், சிரிக்கவும் பயந்து முழித்தான்.

பந்தலுக்குக் கதிரைகள் இறக்கிவிட்டு நின்ற உழவு இயந்திரத்தை கஜானியின் தாய்மாமன் பஞ்சலிங்கம் கொண்டு வந்தார். முகூர்த்தம் நெருங்கியது என்று சொல்லிக்கொண்டே சேற்றில் குனிந்து கயிறு மாட்டினார். பெயின்ற் உரசும் என்று சுதாகரன் மன்றாடியதை எவரும் காதில் விழுத்தவில்லை. இயந்திரம் புகை கக்கி இழுக்க, மேளம் மறுபடி முழங்க, மாப்பிள்ளை நேரத்துக்கே மணவறையில் ஏறினான்.

தாலி கட்டி முடிந்து வெளிக்கிடும்போது லக்ஷன் காருக்குக் கிட்ட வந்தான்.

"அண்ணை, திரும்பவும் றக்ரர்தானே இழுக்கப்போகுது. ஸ்ரியரிங்கை நான் பிடிக்கிறன். கஜானி இதிலை என்னோடை வரட்டும்."

சுதாகரன் முடியாதென்று சொல்ல வாயெடுப்பதற்குள் கஜானி கூறைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். அந்தக் காரில் ஒரு கலியாணச் சோடி சேர்ந்து போனது அன்றுதான் முதல் தடவை. சுதாகரன் உழவு இயந்திரத்தின் மட்கார்டில் குந்தி, குடையைப் பிடித்துக்கொண்டு, தன் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான்.

கலியாண வீடியோக்காரர் அதை முழுதாக எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். கனடாவிலிருந்து லண்டன் வரை சனம் அதைப் பார்த்து ரசித்தது. அடுத்த கிழமை சுதாகரன் ஆழ வெட்டு டயர்களை வாங்கிப் பூட்டினான். இனி எந்த மழைக்கும் பயமில்லை என்று உதயகலாவுக்கு அறிவித்தான்.

தை மாதக் கலியாணம் ஒன்றுக்குப் பேச ஒரு வீட்டார் போனில் அழைத்தார்கள். கைப்பேசியை உதயகலா எடுத்தாள். கேட்டுவிட்டு, வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள்.

"கார் இல்லாட்டியும் பரவாயில்லையாம். றக்ரர் கட்டாயம் வேணுமாம். என்ன சொல்ல?"

சுதாகரன் முற்றத்தில் நின்ற காரை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து, பஞ்சலிங்கத்தாரின் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.